குளத்துக்குத் தகவல் போகவில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அவரும் உன் மருமகளும் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் தேவலையா? நம் வீட்டில் போன் பிறப்புக்கும் இறப்புக்கும் மட்டும் என்று அப்பா வைத்த சட்டம் எனக்கு வசதியாகவே இருக்கிறது. போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை. கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் குளங்களை மூடப்போகிறார்கள். ஊரின் கழிவுநீர் முழுவதும் மூன்று குளங்கள் வழியாக மெல்ல நகர்கிறது. வெயிலும் பாசியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அதைத் தின்று தீர்த்து, தெளிந்த நீராக ஆற்றில் இறக்கிவிடுகின்றன. இதற்கு நான் பொறியாளர். அவை செய்யும் வேலையைக் கெடுக்காமல் இருப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

நகராட்சி இப்போது 'நீடித்த நகரம்' என்று ஒரு குழு அமைத்திருக்கிறது. குழுவுக்கு ஓர் ஆலோசகர். அவர் என் குளங்களைக் கணினியில் கட்டி ஓடவிட்டுப் பார்த்தார். வருகிற கழிவுக்கு அங்கே இருக்கும் ஆக்ஸிஜன் போதாதாம். அந்தக் கணக்கின்படி நடுக்குளம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது. குளத்துக்குத்தான் தகவல் போகவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஆலோசகர் சிரிக்காமல், "அளவீட்டுப் பிழையா இருக்கலாம் மேடம்" என்றார். எதை அளந்ததில் என்று கேட்டேன். குளத்தை என்றார்.

குளங்களைத் தூர்த்துவிட்டு எஃகுத் தொட்டிகள் வைக்கப் போகிறார்கள். அவைதான் நீடிக்குமாம். அறிவியல் எதை அறியும், எதை அறியாது என்று காலம் முழுக்க வகுப்பில் பேசுகிறவன் நீ. ஒன்று 'நீடிக்கும்' என்றால் என்ன அர்த்தம்? அதை எப்படி நிரூபிப்பது? இரண்டு பக்கத்துக்குள் எழுது. குழு அதற்கு மேல் படிக்காது.

உன் கொசு

பிப்ரவரி 20

அன்புள்ள கொசுவுக்கு,

மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் என் அன்பு. அண்ணி நலம். முழங்காலும் நலம்.

தூங்கவிடாமல் காதோரம் நச்சரித்த குழந்தைக்கு நான் வைத்த பெயர் அது. அவள் பிற்காலத்தில் கழிவுநீர்க் குளங்களுக்கு அதிகாரியாவாள் என்று அப்போது தெரியாது. என் கணிப்புகளில் பலித்தது இது ஒன்றுதான்.

ஒன்று நீடிக்கும் என்று நிரூபிக்க வேண்டுமானால் கடைசிவரை காத்திருக்க வேண்டும். கடைசி என்று ஒன்று வந்துவிட்டால், அது நீடிக்கவில்லை என்று ஆகிவிடும். ஆகவே நிரூபிக்க வழியில்லை. இதைக் குழுவிடம் சொல்லாதே. மகிழ்ச்சியோடு கடைசிவரை கூட்டம் போடுவார்கள்.

இன்னொரு சங்கடம். மருந்தைச் சோதிக்கிறவர்கள் ஆயிரம் பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிடலாம். உன் ஊருக்கு ஒரே ஒரு நடுக்குளம். இந்தப் பூமியும் அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க அலமாரியில் இன்னொன்று இல்லை. ஒரே ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, கைதவறிப் போடாமலேயே அது உடையுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கணக்கும் உலகமும் முரண்பட்டால் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். உன் ஆலோசகர் உலகத்தைக் கைவிட்டிருக்கிறார். அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

எனக்கு ஒன்று சொல். சாகவேண்டிய அந்த வருஷத்தில் குளம் என்ன செய்தது? வெளியே ஏதாவது தெரிந்ததா? விவரமாக எழுது.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். மருமகள், எதற்கும் ஏன் என்று கேட்கும் தன் 'ஏன் மாமா' எப்போது வருவார் என்று கேட்கிறாள். நீ அண்ணியின் நலத்தையும் முழங்காலின் நலத்தையும் எழுதியிருந்தாய். முழங்காலுக்கு மேலே உள்ளவரைப் பற்றித் தகவல் இல்லை.

உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். எவ்வளவு காலம் இருந்தால் 'நீடித்தது' என்று எழுதலாம் என்பதற்கே இரண்டு கூட்டங்கள் போயின. ஐம்பது வருஷம் என்றார் ஒருவர். நூறு என்றார் மற்றவர். ஆணையர், தம் பதவிக்காலம் வரை என்பதை வேறு வார்த்தைகளில் சொன்னார். கடைசியில் 'போதுமான காலம்' என்று தீர்மானம் நிறைவேறியது.

அந்த வருஷம் குளம் என்ன செய்தது என்று கேட்டாய். ஒன்றும் செய்யவில்லை அண்ணா. எப்போதும்போல விடியலில் சாம்பல் நிறம், பத்து மணிக்குப் பச்சை, மாலையில் வெள்ளிக் கொக்குகள். உள்ளே என்ன பாடுபட்டதோ, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

உன் கொசு

மார்ச் 12

அன்புள்ள கொசுவுக்கு,

மருமகளிடம் சொல், 'ஏன் மாமா'வுக்கு இந்த வருஷம் கேள்விகள் அதிகம், விடுமுறை குறைவு. அண்ணி நலம், உன்னைக் கேட்டாள்.

குளத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைப் புகழ்வதை நிறுத்து. புகழ்ச்சியை யாரும் சோதிக்க முடியாது. எது நடந்தால் நீ தோற்றாய் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடு. 'இப்படி ஆனால் நான் சொன்னது தப்பு, மூடிவிடுங்கள்.' ஆலோசகரிடமும் அதையே கேள். தோற்கத் தயாராக இல்லாத கருத்து அறிவியலுக்குள் வராது, ஆட்சிக்கு வேண்டுமானால் வரலாம்.

வேறு ஒரு சந்தேகம். ஆலோசகரின் கணக்கு நூற்றுக்கணக்கான குளங்களைப் பார்த்துப் போட்ட சராசரிக் கோடு என்று நினைக்கிறேன். நூற்றில் தொண்ணூறு குளம் இன்ன மாதத்தில் முடிந்துவிடும் என்று கோடு சொன்னால், அது ஒரு குறிப்பிட்ட குளத்தை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்? அந்தக் குளம் தன்னைத் தொண்ணூறில் ஒன்றாக எண்ணிக்கொள்ள வேண்டுமா, பத்தில் ஒன்றாகவா? தொழில்முறையில் நீ இதை எப்படிப் பார்ப்பாய்?

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்தக் கேள்விக்கு அண்ணியின் பெயர் பதில் ஆகாது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் குளத்தை அடைத்து, கோடையில் ஊரின் முழுச் சுமையையும் நடுக்குளத்தின் மேலேயே ஏற்றுவது. தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்திருப்பது விடியற்காலையில். அந்த நேரத்தில் தொடர்ந்து மூன்று நாள் மானி பூஜ்யம் காட்டினால், குளங்களை மூடும் உத்தரவில் முதல் கையெழுத்து என்னுடையது. ஆணையர் அதை இரண்டு முறை வாசித்தார். "நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுவிட்டு, உடனே முத்திரை வைத்தார். அந்த அலுவலகத்தில் ஒரு காகிதம் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றிரவு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவர், "உன் அண்ணன் பேச்சைக் கேட்டுக் குளத்தைப் பந்தயத்துல வச்சுட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு வழி தெரியவில்லை.

சராசரிக் கோடு பற்றிக் கேட்டிருந்தாய். கோடு நூறு குளங்களைப் பற்றி உண்மைதான் பேசுகிறது. என் குளத்தோடு அது பேசியதே இல்லை.

உன் கொசு

மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரர் உன் வீட்டு வழியை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். நலமா?

நான் தோற்றுவிட்டேன். நாலு வாரம் குளம் தாங்கியது. ஐந்தாம் வாரம் பச்சை பழுப்பாகி, பழுப்பு கறுப்பானது. நாற்றம் ஆணையர் அலுவலகம் வரை நடந்து போனது. மூன்று விடியல்களிலும் மானி முள் அசையவில்லை. நாலாம் நாள் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். எழுதிக் கொடுத்ததிலிருந்து பின்வாங்கவில்லை.

போட்டுவிட்டு வேலியோரம் நின்றேன். என்னவோ மாதிரி இருந்தது, என்னவென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. என் முந்தானை பறக்கவில்லை. அந்த இடத்தில் எப்போதும் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். மேற்கே பார்த்தேன். வேலிக்கு அப்பால் இரண்டு பெரிய சரக்குக் கிடங்குகள், நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புப் பெட்டகங்களை அடுக்கியிருக்கிறார்கள். ஐந்தாம் வாரத் தொடக்கத்தில்தான் அடுக்கினார்களாம். நீரைப் புரட்டி அதற்கு மூச்சு ஊட்டிய காற்று அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது போலும்.

ஆலோசகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சந்துவரை நடந்துபோய்த் திரும்பினார். பிறகு, "என் கணக்குல காத்து இருக்கு மேடம். ஆனா அது விமான நிலையத்துக் காத்து" என்றார். அங்கேதான் அளக்கும் கருவி இருக்கிறதாம்.

அண்ணா, இதைச் சொன்னால் தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். சாக்குத்தானா?

உன் கொசு

மே 21

அன்புள்ள கொசுவுக்கு,

கையில் சற்று வலி. நான் சொல்ல அண்ணி எழுதுகிறாள். அண்ணி நலம் என்று அவளே எழுதுகிறாள்.

தோற்றபின் வரும் காரணம் எல்லாமே முதலில் சாக்குத்தான். அது அறிவாக வேண்டுமென்றால் மறுபடி தோற்கத் துணிய வேண்டும். பெட்டகங்களை எடுத்தால் என்ன ஆகும், திரும்ப வைத்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல். எல்லோர் கண்ணெதிரிலும் செய்துகாட்டு. பலிக்காவிட்டால் குளத்தை விட்டுவிடு.

என்ன ஆனது என்று எனக்கு உடனே எழுது. உடனே.

அண்ணன்

ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கும், எழுதித் தரும் அண்ணிக்கும்,

எல்லோரும் நலம். உடனே எழுதச் சொன்னாய். குளம் உடனே எதையும் செய்வதில்லை, அதனால் தாமதம்.

நான் கையெழுத்திட்ட உத்தரவு அலுவலகத்தின் ஐந்து மேசைகளைக் கடக்க எப்படியும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆணையர் பெருந்தன்மையாக அனுமதித்தார். கிடங்கு மேலாளரைப் போய்ப் பார்த்தேன். "குளத்துக்கு மூச்சு முட்டுதுன்னு பெட்டிய எடுக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்" என்றார். ஆனால் எடுக்கிறேன் என்றார். அவருக்கும் மூக்கு இருக்கிறது.

எழுதிக் கொடுத்தேன். சுமையைக் குறைக்காமலே பெட்டகங்களை எடுத்தால் ஒரு வாரத்துக்குள் விடியலில் மானி முள் எழும். திரும்ப வைத்தால் விழும். மறுபடி எடுத்தால் மறுபடி எழும். மூன்றில் ஒன்று பிசகினாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆலோசகர் தானும் கீழே கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "என் கணக்கு தப்புன்னா எங்க தப்புன்னு தெரியணும் மேடம். தூக்கம் வரல" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பெட்டகங்களை எடுக்கும் நாளன்று குழு முழுவதும் காலையிலேயே வந்தது, மூக்கில் கைக்குட்டையோடு. பளுதூக்கி இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்தது. கடைசிப் பெட்டகம் தரையை விட்டு எழுந்ததும் ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் என் முந்தானை எழுந்தது. குளத்தின் மேற்கு ஓரத்தில், பெட்டகம் இருந்த இடத்துக்கு நேராக, கறுப்பு நீருக்குப் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பு மெல்லக் கிழக்கே நகர்ந்தது. படுத்திருக்கும் பெரிய மிருகம் ஒன்றின் முதுகைத் தடவிக்கொண்டு ஒரு கை போவதுபோல. அடியிலிருந்து நீர் புரண்டு மேலே வந்தது. எவ்வளவோ நாளாகப் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, அது மூச்சு இழுத்தது.

கூட்டம் பத்து நிமிஷம் நீண்டால் கடிகாரம் பார்க்கும் ஆணையர் நண்பகல் வரை நின்றார். எப்போது கைக்குட்டையை இறக்கினார் என்று அவருக்கே தெரியாது. ஆலோசகர் சந்துப் பக்கமும் நீர்ப் பக்கமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வேலிக்குள்ள இல்லையே மேடம்," என்றார் மெதுவாக. "நான் வேலியோட நிறுத்திட்டேன்."

எங்கே நிறுத்துவது அண்ணா? சந்துக்கு அப்பால் திறந்தவெளி. அதற்கப்பால் குன்றுகள். அவற்றுக்கு அப்பால் எங்கோ வெயிலில் சூடாகும் நிலம் காற்றை இங்கே தள்ளுகிறது. இத்தனையும் சேர்ந்ததுதான் என் நடுக்குளம். இவ்வளவு வருஷம் நான் அதில் ஒரு மூலையை அளந்துவிட்டு, குளத்தை அளந்தேன் என்று நினைத்திருக்கிறேன். நம்மைத் தாங்கிக்கொண்டிருக்கும் எதெது நம் கணக்கில் இல்லையோ. அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது மரம், சுவர், எதைப் பார்த்தாலும் கொஞ்சம் பயமாகவும் மரியாதையாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் விடியலில் முள் எழுந்தது. திரும்ப வைத்தோம், விழுந்தது. எடுத்தோம், எழுந்தது.

இனி உன் விஷயம். உன் கடிதங்களை அடுக்கி வைத்து மறுபடி படித்தேன். சாகவேண்டிய வருஷத்தில் என்ன செய்தது, தொண்ணூறில் ஒன்றா பத்தில் ஒன்றா, வெளியே தெரிந்ததா. நீ கேட்ட எந்தக் கேள்வியும் குளத்தைப் பற்றியது இல்லை. கடிதத்துக்குக் கடிதம் அண்ணியின் நலமும், ஒரு முறை முழங்காலின் நலமும் வந்தன. உன் நலம் வரவில்லை. இப்போது கையெழுத்தும் வரவில்லை.

உன் கொசு

ஜூலை 4

அன்புள்ள கொசுவுக்கு,

இதையும் அண்ணிதான் எழுதுகிறாள். அவள் நலம்.

நீ எழுதிய புல்லரிப்பை அவள் மூன்று முறை வாசித்துக் காட்டினாள். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை, அவளாகவே வாசித்தாள்.

உன் கடைசிப் பத்திக்குப் பதில். இங்கே ஒரு மருத்துவர் இருக்கிறார். நல்லவர், மரியாதையானவர். அவரிடமும் ஒரு கோடு இருக்கிறது, என்னைப் போன்ற பலரைப் பார்த்துப் போட்டது. அது நவம்பரில் தரையைத் தொடுகிறது. அவர் கணக்கில் நான் தப்புக் காணவில்லை. சொல்லப்போனால் அழகான கணக்கு.

'நலம்' என்று எழுதினால் பொய். 'நலமில்லை' என்று எழுதினால் நீ அடுத்த வண்டியைப் பிடித்திருப்பாய், குளத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே கூற்று எதையும் முன்வைக்கவில்லை.

மருமகளிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. ஏன் என்று கேட்பாள்.

அண்ணன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். இந்த வார்த்தையை எழுத இன்று கை கூசுகிறது.

குழு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மூடும் உத்தரவு மூன்றாம் மேசையிலிருந்து திரும்பி வந்தது. நடுக்குளத்துக்கு நீடித்த தன்மைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். காற்று வரும் சந்து வழியைப் பாதுகாக்க அதை உயரமான மதிலால் அடைக்கலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். அதை ஆணையரே தள்ளுபடி செய்தார். மனிதர் மாறிவிட்டார். வாரம் ஒருமுறை குளத்துக்கு வந்து சும்மா நிற்கிறார்.

செப்டம்பரில் வருகிறேன். உன் அனுமதி கேட்கவில்லை.

உன் மருத்துவர் வேலிக்குள் இருப்பதை அளந்திருக்கிறார், சரியாகவே அளந்திருப்பார். வேலிக்கு வெளியே உனக்கு எந்தச் சந்திலிருந்து காற்று வருகிறது என்பது அவர் கோட்டில் இல்லை. வெறும் ஆறுதல் என்று சிரிக்காதே. நீ சொல்லிக்கொடுத்தபடியே முன்கூட்டிச் சொல்கிறேன். டிசம்பரில் உன் சொந்தக் கையெழுத்தில் ஒரு கடிதம் வரும். வராவிட்டால் நான் தோற்றேன். கையெழுத்துப் போடுகிறேன், பின்வாங்கமாட்டேன்.

உன் கொசு

நவம்பர் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

செப்டம்பரில் உன்னைப் பார்த்தது கண்ணுக்குள் இருக்கிறது. தலையணைமேல் சாய்ந்துகொண்டு, ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம் ஒரு துளியிலிருந்து முழு மனிதனை எப்படி அனுமானிக்கிறாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். அவள் ஊசியை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகக் குத்தியிருக்கலாம்.

அதன்பின் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இன்று காலை வீட்டுப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அவரையும் எடுக்கவிடவில்லை. மறுபடி அடித்தது. எடுத்தேன். யாரோ சிமெண்ட் விற்கிறவர். அவருடைய சிமெண்ட் தலைமுறைகளைத் தாண்டி நீடிக்குமாம். அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல செய்தி கேட்டதில்லை.

அனைவரும் நலம். நீ?

உன் கொசு

டிசம்பர் 5

அன்புள்ள கொசுவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, என்னுடையதுதான். இந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆயிற்று. அண்ணி பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை.

நலம் என்று இன்னும் எழுத முடியாது. இருக்கிறேன்.

இது எதையும் நிரூபிக்கவில்லை. நீ வகுப்பில் இருந்தால் இதற்கு மதிப்பெண் போடமாட்டேன். ஒரு கடிதம், ஒரு குளம், ஒப்பிட இன்னொன்று இல்லை.

மருத்துவர் நேற்று வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அளவீட்டுப் பிழையாக இருக்கலாம் என்றார். எதை அளந்ததில் என்று கேட்டேன். நல்ல மனிதர், யோசித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டில் யார் யார், யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று விசாரித்தார்.

அவருடைய தாளில் கோடு போன மாதமே முடிந்துவிட்டது. தாளுக்கு வெளியே இருந்து எழுதுகிறேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேற்கே இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து. இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் அன்பு. இனி அவள் ஏன் என்று கேட்டால் சொல்லலாம்.

அண்ணன்